கொண்டோ ஆவணங்களைக் கேட்டுப் பெறுவது எப்படி: ஒன்ராறியோ உரிமையாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரொறன்ரோவிலும் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் முதல் வீடாக ஒரு கொண்டோவை, அதாவது பொது இடங்களை மற்ற உரிமையாளர்களோடு பகிர்ந்துகொள்ளும் ஒரு வீட்டை, வாங்கும் எம்மவர் பலருக்கு, மாதந்தோறும் வங்கிக் கணக்கிலிருந்து கழிக்கப்படும் பராமரிப்புக் கட்டணம் எங்கே போகிறது என்பது ஆரம்பத்தில் பெரிய கேள்வியாக இருப்பதில்லை. கட்டணம் திடீரென்று உயரும்போதோ, நிலத்தடி வாகனத் தரிப்பிடத்தின் நீர்க்கசிவைத் திருத்துவதற்காக ஒவ்வொரு வீட்டாரும் சில ஆயிரம் டொலர் விசேட அறவீடாகச் செலுத்த வேண்டும் என்று ஒரு கடிதம் வரும்போதோதான் அந்தக் கேள்வி எழுகிறது. அப்போது பலரும் செய்வது, முகாமையாளருக்குக் கோபமாக ஒரு மின்னஞ்சல் அனுப்புவது. அதற்குப் பதில் வராமலே போகலாம். வந்தாலும், பணிப்பாளர் சபை தீர்மானித்துவிட்டது என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடலாம்.

இதற்குச் சட்டம் வேறொரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்ராறியோவின் 1998ஆம் ஆண்டு கொண்டோமினியம் சட்டத்தின் 55ஆம் பிரிவு, ஒவ்வொரு கொண்டோ கூட்டுத்தாபனமும் (கட்டடத்தின் அல்லது வளாகத்தின் உரிமையாளர்கள் எல்லோரும் உறுப்பினராக உள்ள சட்ட அமைப்பு) தன் நடவடிக்கைகள் பற்றிய போதுமான ஆவணங்களைப் பேணவேண்டும் என்றும், உரிமையாளர் கேட்டால் அவற்றைப் பார்வையிடவும் பிரதி பெறவும் இடமளிக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. எப்படிக் கேட்பது, எத்தனை நாளில் பதில் தருவது, எவ்வளவு கட்டணம் அறவிடலாம் என்ற விவரங்கள் 48/01 என்ற எண்ணுடைய ஒழுங்குவிதியில் உள்ளன. கூட்டுத்தாபனத்தின் அலுவல்கள் உறுப்பினர்களுக்குத் திறந்த புத்தகமாக இருக்கவேண்டும் என்று, வாட்டர்லூ நோர்த் கொண்டோமினியம் கூட்டுத்தாபனம் எண் 23 சம்பந்தப்பட்ட வழக்கில் 1992இலேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 2017 நவம்பர் 1 வரையில், தர மறுத்த கூட்டுத்தாபனத்திடமிருந்து சிறு உரிமைகோரல் நீதிமன்றத்தின் வழியாகப் பெறக்கூடிய தொகை வெறும் 500 டொலராகவே இருந்தது. அந்த நாளில் நடைமுறைக்கு வந்த திருத்தங்களோடுதான் நிர்ணயிக்கப்பட்ட படிவங்களும், காலக்கெடுக்களும், ஆவணத் தகராறுகளைத் தீர்க்கும் கொண்டோமினியம் அதிகாரசபைத் தீர்ப்பாயமும், 5,000 டொலர் வரையிலான தண்டப்பணமும் வந்தன.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சட்டம் உங்களுக்குத் தருவது ஆவணங்களைப் பெறும் உரிமையே தவிர, கேள்விகளுக்கு விளக்கம் பெறும் உரிமை அல்ல. "ஏன் கட்டணத்தை உயர்த்தினீர்கள்?" என்று ஆவணக் கோரிக்கைப் படிவத்தில் எழுதினால், அதற்குப் பதில் சொல்லும் கடப்பாடு சபைக்கு இல்லை. அந்த உயர்வைத் தீர்மானித்த கூட்டத்தின் அறிக்கையையும் நடப்பாண்டு வரவுசெலவுத் திட்டத்தையும் கேட்டால், இரண்டையும் தந்தே ஆகவேண்டும். பெரும்பாலான கோரிக்கைகள் தோற்பது இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால்தான் என்பது என் எண்ணம். உங்களுடைய ஒவ்வொரு கேள்வியையும், அதற்கு விடையிருக்கக்கூடிய ஒரு தாளின் பெயராக மாற்றிக்கொள்ளுங்கள்.

யார் கேட்கலாம்

உரிமையாளர், வீட்டை வாங்க ஒப்பந்தம் செய்தவர், அடமானக் கடன் வழங்கியவர், இவர்களில் ஒருவர் எழுத்தில் அதிகாரமளித்த முகவர் ஆகியோர் கேட்கலாம். வாடகைக்கு இருப்பவருக்கு இந்த உரிமை இல்லை. அடுக்குமாடி என்றுதான் இல்லை. கொண்டோவாகப் பதிவுசெய்யப்பட்ட டவுன்ஹவுஸ் வளாகங்களுக்கும் இதே சட்டம்தான்.

எம் குடும்பங்களில் இங்கேதான் ஒரு சிக்கல் அடிக்கடி வருகிறது. வீட்டு உறுதி தகப்பனார் பெயரில் இருக்கும். பராமரிப்புக் கட்டணம் மகளின் வங்கிக் கணக்கிலிருந்து போகும். மின்னஞ்சல்களை எழுதுவது மருமகனாக இருக்கும். கூட்டுத்தாபனத்தின் பார்வையில் உரிமையாளர் என்பவர் உறுதியில் பெயருள்ளவர் மட்டுமே. ஆகவே மருமகன் தன் பெயரில் அனுப்பும் கோரிக்கையை முகாமையாளர் நிராகரித்தால் அவரைக் குறைசொல்ல முடியாது. தகப்பனார் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் போதும்: இன்ன வீட்டின் உரிமையாளராகிய நான், ஆவணங்களைக் கேட்பதற்கும் பெறுவதற்கும் இன்னாரை என் முகவராக நியமிக்கிறேன் என்று திகதியிட்டு எழுதி, படிவத்தோடு இணைத்துவிடுங்கள்.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லும்படி கூட்டுத்தாபனம் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனாலும் கோரிக்கை, உரிமையாளர் என்ற உங்கள் நலனோடு மட்டும் தொடர்புடையதாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை உண்டு. உரிமையாளர்களின் பெயர்ப் பட்டியலைக் காப்புறுதி விற்பதற்கோ, வீடு விற்பனை முகவராக வாடிக்கையாளர் தேடுவதற்கோ கேட்பது இந்த உரிமைக்குள் அடங்காது.

முதற்படி: கேட்காமலே வருவதைச் சேர்த்து வையுங்கள்

கூட்டுத்தாபனம் தானாகவே அனுப்பவேண்டிய சில சான்றிதழ்கள் உள்ளன. நிதியாண்டின் முதற் காலாண்டும் மூன்றாம் காலாண்டும் முடிந்த பின் 60 நாட்களுக்குள் ஒரு காலமுறைத் தகவற் சான்றிதழ், அதாவது ஆண்டுக்கு இரண்டு, எல்லா உரிமையாளர்களுக்கும் வரவேண்டும். பணிப்பாளர்களின் பெயர்கள், ஆவணங்களை அனுப்பவேண்டிய முகவரி, காப்புறுதி, கையிருப்பு நிதி (பெரிய திருத்த வேலைகளுக்காகச் சேர்த்து வைக்கும் பணம்), நடந்துகொண்டிருக்கும் வழக்குகள் பற்றிய விவரங்கள் அதில் இருக்கும். பணிப்பாளர் மாறினாலோ முகவரி மாறினாலோ 30 நாட்களுக்குள் இன்னொரு சான்றிதழ் அனுப்பவேண்டும். இவற்றைப் பலர் விளம்பரத் தாள்களோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். மின்னஞ்சலில் வந்தால் திறப்பதே இல்லை. ஆவணக் கோரிக்கையை எங்கே அனுப்புவது என்பதற்கு இந்தச் சான்றிதழில் உள்ள முகவரிதான் முதல் ஆதாரம் என்பதால், கடைசியாக வந்ததையாவது வைத்திருங்கள். அது கையில் இல்லாவிட்டால், கொண்டோமினியம் அதிகாரசபையின் இணையத்தளத்திலுள்ள பொதுப் பதிவேட்டில் உங்கள் கூட்டுத்தாபனத்தைத் தேடிப் பார்க்கலாம்.

அங்கே தேடும்போது கட்டடத்தின் விளம்பரப் பெயர் அவ்வளவாக உதவாது. ஒவ்வொரு கூட்டுத்தாபனத்துக்கும் ஒரு சட்டப் பெயரும் எண்ணும் உண்டு: ரொறன்ரோ ஸ்ரான்டர்ட் கொண்டோமினியம் கோர்ப்பரேஷன், அதன்பின் ஓர் எண் என்ற வடிவில் இருக்கும். யோர்க் பிராந்தியத்திலும் பீல் பிராந்தியத்திலும் முன்னால் வரும் இடப்பெயர் மாறும். வீடு வாங்கியபோது சட்டத்தரணி தந்த கோப்பில் இந்தப் பெயர் பல இடங்களில் இருக்கும்.

இரண்டாம் படி: எந்த வகை ஆவணம் என்று பிரித்தறியுங்கள்

ஒழுங்குவிதி ஆவணங்களை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. படிவத்தில் "கோர் ரெக்கோர்ட்ஸ்" என்று காணப்படுபவற்றை இங்கே அடிப்படை ஆவணங்கள் என்றும், மற்றவற்றை ஏனைய ஆவணங்கள் என்றும் சொல்லலாம். செலவும் காலக்கெடுவும் இந்தப் பிரிவைப் பொறுத்தே அமைவதால் இதில் சற்று நேரம் செலவழிப்பது நல்லது.

அடிப்படை ஆவணங்களில், கூட்டுத்தாபனத்தை உருவாக்கிய பிரகடனம், துணைச்சட்டங்கள், விதிகள் ஆகியன முதலில் வருகின்றன. நடப்பு நிதியாண்டின் வரவுசெலவுத் திட்டம், அண்மையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நிதிக்கூற்றுகள், அண்மைய கணக்காய்வாளர் அறிக்கை, கையிருப்பு நிதிக்கு இனிவரும் ஆண்டுகளில் எவ்வளவு சேர்ப்பது என்ற நடப்புத் திட்டம் ஆகியவை பணம் சார்ந்தவை. கடந்த 12 மாதங்களில் நடந்த பணிப்பாளர் சபைக் கூட்டங்களினதும் உரிமையாளர் கூட்டங்களினதும் அறிக்கைகள், கடந்த 12 மாதங்களின் காலமுறைத் தகவற் சான்றிதழ்கள், உரிமையாளர்களும் அடமானம் வைத்திருப்போரும் பற்றிய பதிவு, வாடகைக்கு விடப்பட்ட வீடுகள் பற்றிய அறிவித்தல்களின் பதிவு, பக்கத்துக் கட்டடத்தோடு நீச்சல் தடாகத்தையோ வாகனத் தரிப்பிடத்தையோ பகிர்ந்துகொள்ளும் உடன்படிக்கை ஆகியனவும் இதிலேயே அடங்கும்.

இந்தப் பட்டியலில் இல்லாத மற்றெல்லாம் ஏனைய ஆவணங்கள். 12 மாதங்களுக்கு முந்திய கூட்ட அறிக்கைகள், பழைய வரவுசெலவுத் திட்டங்கள், ஒப்பந்தங்கள், விலைமனுக்கள், பற்றுச்சீட்டுகள், பொறியாளர் அறிக்கைகள், பேரேடு, வாக்குச்சீட்டுகள், பதிலாள் படிவங்கள் (தன் சார்பில் வாக்களிக்க இன்னொருவரை நியமிக்கும் படிவங்கள்) யாவும் இந்த வகைக்குள் வரும். கையிருப்பு நிதி ஆய்வு பற்றிப் பலர் குழம்புவதுண்டு. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டிய அந்த முழு ஆய்வறிக்கை ஏனைய ஆவணம்; அதன் அடிப்படையில் சபை வகுத்த நிதித் திட்டம் அடிப்படை ஆவணம். முதலில் திட்டத்தைக் கேட்டு வாசித்துவிட்டு, கூரையையும் மின்தூக்கிகளையும் எப்போது மாற்றவேண்டும் என்ற விவரங்கள் தேவைப்பட்டால் மட்டும் ஆய்வறிக்கையைக் கேட்கலாம்.

12 மாத எல்லையிலிருந்து ஒரு நடைமுறைப் பயன் கிடைக்கிறது. கூட்ட அறிக்கைகளை ஆண்டுக்கு ஒருமுறை, வழக்கமாக ஒரே மாதத்தில், மின்வடிவில் கேட்டுச் சேர்த்து வைத்தால் அவை இலவசம். மூன்று ஆண்டுகள் பேசாமல் இருந்துவிட்டு, பிரச்சினை வந்தபின் மொத்தமாகக் கேட்டால் முதல் இரண்டு ஆண்டுகளுக்குரியவற்றுக்குக் கட்டணம் கேட்கப்படலாம். தகராறு எதுவும் இல்லாதபோது கேட்கும் பழக்கம் இருந்தால், தகராறு வரும்போது நீங்கள் கேட்பதைச் சபை சண்டைக்கான அறிகுறியாக எடுத்துக்கொள்ளாது என்பது இன்னொரு நன்மை.

சில ஆவணங்களுக்கு ஆயுள் குறைவு. நிதி ஆவணங்களை 7 ஆண்டுகள் பேணவேண்டும். ஆனால் உரிமையாளர் கூட்டத்தின் வாக்குச்சீட்டுகளையும் பதிலாள் படிவங்களையும் பொதுவாக 90 நாட்கள் வைத்திருந்தால் போதும். பணிப்பாளர் தேர்தலில் ஐயம் இருந்தால், கோடை விடுமுறை முடியட்டும் என்று காத்திராமல் உடனே கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: படிவத்தை நிரப்புங்கள்

"ரிக்குவெஸ்ற் ஃபோர் ரெக்கோர்ட்ஸ்" என்ற தலைப்பிலுள்ள படிவத்தைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். அது அதிகாரசபையின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எவ்வளவு மரியாதையாக எழுதப்பட்டிருந்தாலும் சாதாரண மின்னஞ்சலால், சபை பதில் தருவதற்கான 30 நாள் கடிகாரம் ஓடத் தொடங்காது.

படிவத்தில் முதலில் தடுக்கி விழும் இடம் வீட்டு எண். உங்கள் கதவில் 1407 என்று இருக்கலாம். ஆனால் பதிமூன்றாம் மாடி என்று எண்ணிடாமல் விட்ட கட்டடத்தில் சட்ட விவரணம் லெவல் 13, யூனிட் 7 என்று இருக்கும். நான்கு என்ற எண்ணையும் தவிர்த்த கட்டடங்களில் இடைவெளி இன்னும் கூடும். வாகனத் தரிப்பிடத்துக்கும் களஞ்சிய அறைக்கும் தனித்தனி லெவலும் யூனிட்டும் இருப்பதுண்டு. உறுதியில் உள்ள விவரணத்தையும் கதவு எண்ணையும் சேர்த்தே எழுதிவிட்டால், ஆளை அடையாளம் காண முடியவில்லை என்ற காரணத்தால் நாட்கள் வீணாகாது.

அடிப்படை ஆவணங்கள் படிவத்தில் வரிசையாகக் கொடுக்கப்பட்டிருப்பதால், தேவையானவற்றைக் குறியிட்டால் போதும். எல்லாப் பெட்டிகளையும் குறியிடும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ஏனைய ஆவணங்களை நீங்களே விவரித்து எழுதவேண்டும். கோரிக்கையின் தலைவிதி பெரும்பாலும் அந்த வெற்றிடத்தில்தான் தீர்மானமாகிறது. "வாகனத் தரிப்பிடத் திருத்தம் சம்பந்தமான எல்லா ஆவணங்களும் மின்னஞ்சல்களும்" என்று எழுதினால், அது வலைவீசித் தேடும் முயற்சி என்று மறுக்கப்படலாம், அல்லது நூற்றுக்கணக்கான டொலர் மதிப்பீடு ஒன்று வந்து சேரலாம். அதையே, "நிலத்தடி வாகனத் தரிப்பிட நீர்க்காப்பு வேலைக்காகக் கூட்டுத்தாபனம் 2024இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம், அந்த வேலைக்கு 2023 செப்டெம்பர் 1 முதல் 2024 மார்ச் 31 வரை பெறப்பட்ட விலைமனுக்கள், அதற்கு அடிப்படையாக இருந்த பொறியாளர் அறிக்கை" என்று எழுதினால், முகாமையாளர் எந்தக் கோப்பைத் திறக்கவேண்டும் என்பது அவருக்கும் தெரியும், தரவில்லை என்றால் எது தரப்படவில்லை என்பது தீர்ப்பாயத்துக்கும் தெரியும். ஆவணத்தின் பெயர், சம்பந்தப்பட்ட தரப்பு, தொடக்கத் திகதி, முடிவுத் திகதி ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு வரியையும் சரிபாருங்கள்.

இந்தப் பெயர்களெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். கூட்ட அறிக்கைகளிலிருந்துதான். ஓர் ஒப்பந்தத்தைச் சபை ஏற்றுக்கொண்டால், யாருடைய விலைமனு, எந்தத் தீர்மானம் என்பது அந்தக் கூட்டத்தின் அறிக்கையில் பதிவாகியிருக்க வேண்டும். எனவே முதல் தடவை அடிப்படை ஆவணங்களை மட்டும் கேட்டு, அவற்றை வாசித்த பின், ஏனைய ஆவணங்களுக்கு இரண்டாவது படிவத்தை அனுப்புவதே எனக்குச் சரியாகப் படுகிறது. சற்றுத் தாமதமானாலும் இரண்டாவது கோரிக்கை குறி தவறாது. கூட்ட அறிக்கை என்பது யார் என்ன பேசினார் என்ற சொல்லுக்குச் சொல் பதிவு அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். தீர்மானங்களும் அவற்றைப் புரிந்துகொள்ளப் போதுமான விவரமும் இருந்தால், அது போதுமான ஆவணமாகவே கொள்ளப்படும்.

மின்பிரதியா, தாள் பிரதியா, நேரில் வந்து பார்ப்பதா என்பதையும் படிவத்தில் தெரிவுசெய்ய வேண்டும். சிறப்பான காரணம் இல்லையென்றால் மின்பிரதியையே கேளுங்கள். நிரப்பிய படிவத்தைச் சான்றிதழில் உள்ள முகவரிக்கு மின்னஞ்சலாக அனுப்பி, அனுப்பிய நாளும் நேரமும் தெரியும்படி ஒரு பிரதியை பீ.டி.எஃப் வடிவில் சேமித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: 30 நாள் காத்திருங்கள், பிறகு 60 நாளைக் கவனியுங்கள்

கோரிக்கை கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் சபை தன் பதிலை அதற்கென நிர்ணயிக்கப்பட்ட படிவத்தில் தரவேண்டும். மார்ச் 3ஆம் திகதி கிடைத்திருந்தால் ஏப்ரல் 2ஆம் திகதி கடைசி நாள். சபைக் கூட்டம் அடுத்த மாதம்தான் நடக்கிறது, முகாமையாளர் விடுமுறையில் இருக்கிறார் போன்ற பதில்கள் இந்தக் கெடுவை நீட்டிக்கமாட்டா. அந்தப் படிவத்தில் நீங்கள் கேட்ட ஒவ்வோர் ஆவணத்துக்கும் தருகிறோம் அல்லது மறுக்கிறோம் என்றும், மறுத்தால் எந்தச் சட்டப் பிரிவின்படி என்றும், கட்டணம் இருந்தால் மதிப்பீடு எவ்வளவு என்றும் குறிப்பிட்டிருக்க வேண்டும். மின்வடிவில் கேட்ட அடிப்படை ஆவணங்கள் இந்தப் பதிலோடு சேர்ந்தே வரவேண்டியவை.

பதில் வந்ததும் பலர் ஓய்ந்துவிடுகிறார்கள், ஆபத்து அங்கேதான். கட்டணம் கேட்கப்பட்டிருந்தால், அந்தப் படிவத்தின் இறுதிப் பகுதியில் எந்த ஆவணங்கள் இன்னும் வேண்டும் என்று உறுதிப்படுத்தி, பணத்தோடு 60 நாட்களுக்குள் திருப்பி அனுப்பவேண்டும். தவறினால் கோரிக்கையை நீங்களே கைவிட்டதாகக் கருதப்படும், மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். உறுதிப்படுத்தலும் பணமும் கிடைத்தபின், தாளில் கேட்ட அடிப்படை ஆவணங்களை 7 நாட்களுக்குள்ளும் ஏனைய ஆவணங்களை 30 நாட்களுக்குள்ளும் தரவேண்டும்.

கட்டணத்தைச் சரிபார்ப்பது

அடிப்படை ஆவணங்களின் மின்பிரதி இலவசம். தாளில் கேட்டால் ஒரு பக்கத்துக்கு 20 சதம் வரை அறவிடலாம். நீங்கள் மின்பிரதி கேட்டிருக்க, அவர்களாகத் தாளில் தந்தால் அதற்கும் பணம் கேட்க முடியாது. ஏனைய ஆவணங்களுக்கு, தேடி எடுப்பதற்கும் மறைக்கவேண்டிய பகுதிகளை மறைப்பதற்கும் ஆகும் உண்மையான உழைப்புச் செலவின் நியாயமான மதிப்பீட்டையும், தாளென்றால் பக்கத்துக்கு 20 சதத்தையும் கேட்கலாம்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். மூன்று மணி நேர வேலை, மணிக்கு 35 டொலர், 120 பக்கங்கள் என்று மதிப்பீடு வந்தால் மொத்தம் 129 டொலர். வேலை முடிந்தபின் உண்மைச் செலவு 90 டொலர்தான் என்றால் மீதி 39 டொலரை உங்களுக்குத் திருப்பித் தரவேண்டும். உண்மைச் செலவு 160 டொலர் ஆகிவிட்டால், மதிப்பீட்டின் 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாகக் கேட்க முடியாது. அதாவது 12 டொலர் 90 சதம் மட்டுமே. மதிப்பீட்டில் மணித்தியாலங்களும் மணிக்கட்டணமும் காட்டப்படாமல் ஒரு மொத்தத் தொகை மட்டும் இருந்தால், அதைப் பிரித்துக் காட்டும்படி எழுதிக் கேளுங்கள். பத்துப் பக்க ஒப்பந்தம் ஒன்றை எடுத்துத் தரச் சட்டத்தரணியின் மணிக்கட்டணத்தைக் கேட்பது நியாயமான மதிப்பீடாகாது. அலுவலக உதவியாளர் செய்யக்கூடிய வேலைக்கு அதற்குரிய கூலிதான் அளவுகோல். மதிப்பீடு மிகையென்று தோன்றினால், கேட்ட ஆவணங்களில் சிலவற்றை விலக்கிக்கொண்டு குறைந்த தொகையைச் செலுத்துவதும் ஒரு வழி.

மறைக்கப்பட்ட பகுதிகளும் மறுப்புகளும்

எல்லாவற்றையும் பார்க்க முடியாது. ஊழியர்கள் பற்றிய ஆவணங்கள் (அவர்களுடைய வேலை ஒப்பந்தங்கள் தவிர), நடந்துகொண்டிருக்கும் அல்லது எதிர்பார்க்கப்படும் வழக்குகளும் காப்புறுதி விசாரணைகளும் பற்றிய ஆவணங்கள், குறிப்பிட்ட வேறொரு வீட்டையோ உரிமையாளரையோ பற்றிய ஆவணங்கள் ஆகியவற்றைத் தர மறுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் கட்டணப் பாக்கி வைத்திருக்கிறாரா என்பது உங்களுக்குக் கிடைக்காது. உங்கள் வீட்டைப் பற்றி எழுதப்பட்டிருப்பது கிடைக்கும். சட்டத்தரணி கூட்டுத்தாபனத்துக்குத் தந்த ஆலோசனையும் காக்கப்படுகிறது. ஆனால் வழக்கு வரலாம் என்று வெறுமனே சொல்லிவிட்டு ஒரு முழுக் கோப்பையும் மூடிவைக்க இது இடம்தராது. வழக்கு உண்மையாகவே எதிர்பார்க்கப்படுகிறது என்பதற்கு ஏதாவது ஆதாரம் இருக்கவேண்டும்.

மறைக்கவேண்டிய பகுதி இருந்தால், அதை மட்டும் கறுப்பாக்கிவிட்டு மீதியைத் தருவதே முறை. அப்படித் தரும்போது, ஒவ்வொரு மறைப்புக்கும் என்ன காரணம், சட்டத்தின் எந்த ஏற்பாடு என்று விளக்கும் எழுத்துக் குறிப்பு ஒன்றையும் கூடவே தரவேண்டும். அரைப் பக்கம் கறுப்பாக வந்து, குறிப்பு எதுவும் இல்லாவிட்டால் முதலில் அந்தக் குறிப்பைக் கேளுங்கள். நான் கவனித்தவரையில், விளக்கம் எழுத உட்காரும்போதுதான் சில மறைப்புகள் தேவையில்லை என்பது அவர்களுக்கே தெரியவருகிறது. வாக்குச்சீட்டுகளிலும் பதிலாள் படிவங்களிலும், துணைச்சட்டம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, வாக்களித்தவரையும் வீட்டையும் அடையாளம் காட்டும் பகுதிகள் மறைக்கப்பட்டே வரும்.

இல்லாத ஆவணத்தை உங்களுக்காக உருவாக்கித் தரும் கடப்பாடும் இல்லை. கடந்த ஐந்தாண்டு நீர்க் கட்டணத்தை அட்டவணையாகப் போட்டுத் தாருங்கள் என்று கேட்க முடியாது. அந்தக் காலத்துக்குரிய நீர்க் கட்டணச் சிட்டைகளைக் கேட்கலாம். ஆனால் சட்டப்படி வைத்திருந்தே ஆகவேண்டிய ஓர் ஆவணம், உதாரணமாக நடந்து முடிந்த சபைக் கூட்டத்தின் அறிக்கை, தம்மிடம் இல்லை என்று அவர்கள் சொன்னால் அதுவே ஒரு தவறு. அதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: தீர்ப்பாயம்

30 நாட்களில் பதில் வராவிட்டாலும், மறுப்பு நியாயமற்றதாகத் தோன்றினாலும், கட்டணமோ மறைப்போ மிகையாக இருந்தாலும் கொண்டோமினியம் அதிகாரசபைத் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்கலாம். தொடக்கத்தில் ஆவணத் தகராறுகளுக்கென்றே இது உருவானது. செல்லப்பிராணி, வாகனத் தரிப்பிடம், சத்தம் போன்றவை பின்னர்தான் சேர்க்கப்பட்டன. நேரில் போகவேண்டிய நீதிமன்றக் கட்டடம் எதுவும் இல்லை. அதிகாரசபையின் இணையத்தளத்தில் ஒரு கணக்கைத் திறந்து, படிவம், பதில், மின்னஞ்சல்கள் ஆகியவற்றை ஏற்றினால் அங்கேயே எல்லாம் நடக்கும். சட்டத்தரணி கட்டாயமில்லை. அமர்த்தினாலும் அந்தச் செலவை எதிர்த்தரப்பிடமிருந்து பெறுவது அரிது என்பதால், ஓர் ஒப்பந்தப் பிரதிக்காக அதைச் செய்யும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாமல், கோரிக்கை அனுப்பி ஆறு மாதம் கடக்குமுன்பே செய்துவிடுங்கள்.

விண்ணப்பிக்கும்போது 25 டொலர் செலுத்தவேண்டும். அதோடு தொடங்கும் முதற் கட்டத்தில் இரு தரப்பும் தாமாகவே பேசித் தீர்க்க முயல்வார்கள். கணிசமான தகராறுகள் இங்கேயே தளர்கின்றன. முகாமையாளரின் மேசையில் கிடந்த படிவத்தைப் பணிப்பாளர் ஒருவர் முதன்முறையாகப் பார்ப்பதே இந்தக் கட்டத்தில்தான் என்பதும் உண்டு. முடியாவிட்டால் 50 டொலர் செலுத்தி, தீர்ப்பாய உறுப்பினர் ஒருவர் மத்தியஸ்தராக இருக்கும் இரண்டாம் கட்டத்துக்குப் போகலாம். அங்கே பேசப்படுபவை வெளியே போகா. அதுவும் பலிக்காவிட்டால் 125 டொலர் செலுத்தி மூன்றாம் கட்டத்தில் முறையான தீர்ப்பைக் கேட்கலாம். மூன்றாம் கட்டத்தின் தீர்ப்புகள் பெயர்களோடு, கன்லீ என்ற இலவசச் சட்டத் தளத்தில் வெளியாகும். விண்ணப்பிக்குமுன் அங்கே உங்கள் பிரச்சினையை ஒத்த இரண்டு மூன்று தீர்ப்புகளைத் தேடி வாசித்துப் பாருங்கள். இந்தக் கட்டுரையைவிட அவை உங்களுக்கு அதிகம் கற்றுத்தரும்.

மூன்றாம் கட்டத்தில் வாதத் திறமையைவிடக் காகிதங்களின் ஒழுங்கே எடுபடும். கோரிக்கைப் படிவம், அனுப்பியதற்கான சான்று, சபையின் பதில், நீங்கள் பணம் செலுத்தியதற்கான சான்று ஆகியவற்றைத் திகதி வரிசையில் எண்ணிட்டு வையுங்கள். முகாமையாளரின் குணத்தைப் பற்றியோ, சபைத் தலைவரோடு முன்பு நடந்த வாக்குவாதத்தைப் பற்றியோ எழுதும் ஒவ்வொரு பந்தியும், இது பழிவாங்கும் முயற்சி என்ற எதிர்த்தரப்பின் வாதத்துக்கே வலுச்சேர்க்கும். தொந்தரவு செய்யும் நோக்கத்தோடு கொண்டுவரப்படும் விண்ணப்பங்களைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு. முகாமையாளரின் தொழில் நடத்தை பற்றிய முறைப்பாடு இருந்தால், அதற்குரிய இடம் கொண்டோ முகாமையாளர்களுக்கு உரிமம் வழங்கும் தனி ஒழுங்குமுறை அமைப்பே தவிர இந்தத் தீர்ப்பாயம் அல்ல.

வெற்றி பெற்றால், குறிப்பிட்ட நாளுக்குள் ஆவணத்தைத் தரும்படி உத்தரவு வரும். நீங்கள் செலுத்திய 200 டொலரையும் திருப்பித் தரச் சொல்லக்கூடும். நியாயமான காரணமின்றி மறுத்தார்கள் என்று தீர்ப்பாயம் கண்டால் 5,000 டொலர் வரை தண்டப்பணம் விதிக்கலாம். அது உச்சவரம்பு மட்டுமே. நடைமுறையில் விதிக்கப்படும் தொகைகள் பெரும்பாலும் அதற்கு வெகுதொலைவு கீழேதான் நிற்கின்றன. அந்தப் பணம் பணிப்பாளர்களின் சட்டைப்பையிலிருந்து வருவதில்லை, எல்லா உரிமையாளர்களும் கட்டும் பராமரிப்புக் கட்டணத்திலிருந்தே வருகிறது, அதில் உங்கள் பங்கும் உண்டு. ஆகவே தண்டப்பணத்தையே இலக்காக வைத்து வழக்காடுவதைவிட, இரண்டாம் கட்டத்தில் ஆவணத்தைப் பெற்றுக்கொண்டு முடிப்பது பெரும்பாலும் இலாபம். அங்கே செய்துகொள்ளும் உடன்பாட்டில் ஆவணத்தின் பெயர், வடிவம், தரவேண்டிய நாள் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். அதைக் கூட்டுத்தாபனம் மீறினால், மீறிய நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் அதே தீர்ப்பாயத்துக்குத் திரும்பி, உடன்பாட்டை நிறைவேற்ற உத்தரவிடும்படி கேட்கலாம். தீர்ப்பாயத்தின் உத்தரவையே மீறினால், அதை உயர் நீதிமன்றத்தில் பதிவுசெய்து அந்த நீதிமன்றத்தின் உத்தரவைப் போலவே நிறைவேற்றிக்கொள்ள முடியும்.